ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் நியூக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எடின்பரோவுக்கு வடக்கே ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டினால் ஃபைஃப் தீபகற்பம். அதன் கிழக்கு ஓரத்தில் ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் என்று கடலோரச் சிற்றூர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பகுதியைத்தான் ஈஸ்ட் நியூக் என்கிறார்கள். கரையை ஒட்டி இன்னும் கொஞ்சம் மேலே போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம். இங்கே போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஸ்காட்லாந்து என்றால் ஹைலண்ட்ஸ் மலையும் ஸ்கை தீவும்தானே? இங்கே எதற்குப் போகவேண்டும்?

மலைதான் வேண்டும் என்றால் ஹைலண்ட்ஸுக்கே போங்கள், அதற்கு இது மாற்று இல்லை. ஃபைஃபிலேயே உயரமான வெஸ்ட் லோமண்ட் 522 மீட்டர்தான். ஆனால் ஸ்கை தீவில் பாதி நேரம் காருக்குள்ளேயே போய்விடும். இங்கே ஒரு துறைமுகத்தில் காபி குடித்துவிட்டு அடுத்த துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பார்லியும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்கள். மீன்பிடி படகு, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், ஐஸ்கிரீம் கடை எல்லாம் ஒரே தெருவில் இருக்கும். மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் கடற்கரை இது. எனக்கு ஸ்காட்லாந்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

எடின்பரோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

திரும்பலாம். பேருந்தில் கூட்டிப்போகும் ஒருநாள் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. ஆனால் ஆன்ஸ்ட்ரதரில் ஒரு மணி நேரம், செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு மணி நேரம் என்று இறக்கி ஏற்றுவார்கள். நீங்கள் இறங்கும் நேரத்தில் கடல் விலகிப்போயிருந்தால் துறைமுகத்தில் சேறும், அதில் சாய்ந்து கிடக்கும் படகுகளும்தான் கண்ணில் படும். குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள் என்பதே என் பதில். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் திட்டமிடு என்கிறார்களே, அவ்வளவு முக்கியமா?

இந்தப் பயணத்தில் அதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. சென்னைக் கடற்கரையில் கடல் ஏறி இறங்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் நம்மில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 5 மீட்டரை நெருங்கும். காலையில் படகுகள் மிதந்த ஆன்ஸ்ட்ரதர் துறைமுகம் மதியத்தில் தரைதட்டிக் கிடக்கும். பரந்த மணல்வெளியாகத் தெரிந்த இடம் சில மணி நேரத்தில் சுவர் வரை தண்ணீர்.

சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறும். அதாவது ஏறும் நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். கடலுக்குள் இருக்கும் மே என்ற தீவுக்குப் போகும் படகின் நேரம், ஈலியில் சங்கிலி பிடித்து நடக்கும் பாதை, பாறைக்குட்டைகளில் குழந்தைகள் நண்டு தேடும் நேரம் எல்லாமே இதைப் பொறுத்தவை. பயணத் தேதி முடிவானவுடன் அந்த நாட்களுக்கான கடல் ஏற்ற இறக்க அட்டவணையை இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த நாளில் எங்கே போவது என்று தீர்மானியுங்கள். ஓட்டலை முடிவு செய்வதெல்லாம் அப்புறம்.

ஈலியில் ஷிப் இன் என்ற விடுதி இருக்கிறது. கோடையில் கடல் இறங்கியிருக்கும்போது அதன் முன்னால் உள்ள ஈர மணலில் கிரிக்கெட் போட்டி நடக்கும். சும்மா பந்து தட்டுவது இல்லை, விடுதிக்கே ஒரு அணி உண்டு, வெளி அணிகள் வந்து ஆடும். எந்த நாளில் எத்தனை மணிக்கு ஆட்டம் என்பதையும் கடலைக் கேட்டுத்தான் போடவேண்டும்.

எந்த மாதம் போவது நல்லது?

மே மாதமும் ஜூனும். பகல் மிக நீளம். ஜூன் நடுவில் காலை நாலரைக்கே விடிந்து இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும். மே தீவில் முட்டையிடும் பஃபின் என்ற கடற்பறவைகள் ஏப்ரலில் வந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்டில் பிட்டன்வீமில் ஓவியத் திருவிழா. ஊர்க்காரர்கள் வீட்டு முன்னறையையும் கார் கொட்டகையையும் ஓவியக் கூடமாக்கித் திறந்துவைப்பார்கள். கூட்டமும் அப்போதுதான் அதிகம். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும்.

மழையைப் பற்றி அதிகம் பயப்படவேண்டாம். ஸ்காட்லாந்தின் மழையெல்லாம் மேற்குக் கரையில் கொட்டிவிடுகிறது. கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான், சென்னையில் பெய்வதில் பாதி. இங்கே வேறு ஒன்று உண்டு: ஹார் எனப்படும் கடல்மூடுபனி. வசந்த காலத்திலும் கோடையிலும் குளிர்ந்த வடகடல்மேல் வெதுவெதுப்பான காற்று வரும்போது உருவாகிக் கரைக்குள் நுழையும். கரையில் எதிர்வீடு தெரியாது, இரண்டு மூன்று மைல் உள்ளே போனால் பளிச்சென்று வெயில் அடிக்கும். அப்படி ஒரு நாள் அமைந்தால் அறையிலேயே உட்கார்ந்திருக்காமல் உள்நாட்டுப் பக்கம் கிளம்பிவிடுங்கள்.

விசா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பிரிட்டனின் வழக்கமான பார்வையாளர் விசா தேவை. ஆறு மாதம் வரை தங்கலாம். ஸ்காட்லாந்துக்குத் தனி விசா இல்லை. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா இங்கே செல்லாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஈடிஏ என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

கார் இல்லாமல் போகமுடியுமா?

தாராளமாக. எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து லூகர்ஸ் வரை ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. ரயிலில் வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தின்மேல் வண்டி ஏறும். இரண்டரைக் கிலோமீட்டர் நீளச் சிவப்பு எஃகுப் பாலம், 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைத் தாண்டியதும் கர்க்கால்டி வரை தண்டவாளம் பெரும்பாலும் கடலை ஒட்டியே போகும்.

ஈஸ்ட் நியூக் ஊர்களில் இப்போது ரயில் நிலையம் இல்லை. அந்தப் பாதையை 1960-களில் மூடிவிட்டார்கள். ஆனால் லெவன் வரையிலான கிளைப்பாதை 2024 ஜூனில் மறுபடி திறந்தது. லெவனில் இறங்கி 95 எண் பேருந்தைப் பிடித்தால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுக்கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் வரை போகும். மாடிப் பேருந்து வந்தால் மேலே முன்வரிசையில் உட்காருங்கள். மாலை ஆனதும் பேருந்துகள் குறைந்துவிடும், கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊர் உரிமத்தில் கார் ஓட்டலாமா?

சுற்றுலாவாகப் போகிறவர்கள் இந்திய உரிமத்தில் ஓட்டலாம். இடதுபக்கம்தான் ஓட்டவேண்டும் என்பதால் நமக்குச் சிரமமில்லை. ஊர்களுக்குள் தெருக்கள் மிகக் குறுகல், துறைமுகத்துக்கு இறங்கும் சந்துகளில் காரை விடவே விடாதீர்கள். மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள். குடித்துவிட்டு ஓட்டும் விஷயத்தில் ஸ்காட்லாந்தின் சட்டம் இங்கிலாந்தைவிடக் கடுமை. அங்கே 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பு இங்கே 50 மட்டுமே. விஸ்கி வடிப்பாலைக்குப் போகும் நாளில் பேருந்தில் போங்கள்.

எந்த ஊரில் தங்கலாம்?

ஒவ்வொன்றும் ஒரு விதம்.

படம் எடுக்கிறவர்களுக்கு கிரெய்ல். செந்நிற ஓட்டுக் கூரைகள், படிக்கட்டுபோல் ஏறும் சுவர் முகடுகள், உள்ளங்கை அளவுத் துறைமுகம். கோடையில் துறைமுகத்தில் ஒரு மரக் கொட்டகையில் நண்டும் சிங்கி இறாலும் அவித்துத் தருவார்கள். அழகில் முதலிடம் இதற்குத்தான், ஆனால் மதிய நேரத்தில் கூட்டம் நெரியும்.

ஆன்ஸ்ட்ரதர் கொஞ்சம் பெரிய ஊர். கடைகள், பேருந்து, மே தீவுப் படகு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போனால் இங்கே தங்குவதே வசதி.

பிட்டன்வீம் இன்றும் உழைக்கும் துறைமுகம். வலைக்குவியல், நண்டுக்கூண்டு, மீன்வாடை எல்லாம் உண்டு. இந்த ஊருக்கு ஒரு கொடிய கதையும் இருக்கிறது. சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்ட ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணை 1705-இல் ஊர்க் கூட்டமே இங்கே கடற்கரையில் அடித்து, கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றது. துறைமுகத்தின் அழகைப் பார்க்கிறவர்கள் அவளையும் நினைக்கவேண்டும்.

என்னைக் கேட்டால் செயின்ட் மோனன்ஸ். ஊரின் மேற்கு எல்லையில் கடலை ஒட்டி, அலைத்துளி சுவரில் தெறிக்கும்படி நிற்கிறது 14-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். உள்ளே கூரையிலிருந்து பாய்மரக் கப்பலின் சிறு மாதிரி ஒன்று தொங்கும். துறைமுகத்தில் பழைய ரப்பர் பூட்சுகளில் மண் நிரப்பிப் பூச்செடி வளர்க்கிறார்கள். ஒவ்வொரு பூட்சிலும் ஒரு செடி, மஞ்சளும் ஊதாவுமாக. ஊரைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் ஒரு காற்றாலை. வெயில் போதாத நாடு என்பதால் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே கடல்நீரை நிலக்கரித் தீயில் காய்ச்சி உப்பு எடுத்தார்கள், அந்த நீரை ஏற்றித் தந்தது இந்தக் காற்றாலை. பக்கத்தில் புல்மேடுகளாகத் தெரிபவை உப்புக் காய்ச்சிய கட்டடங்களின் மிச்சம்.

மே தீவில் பஃபின்களைக் கிட்டத்தில் பார்க்கமுடியுமா?

முடியும், அதுவும் சில அடி தூரத்தில். ஆன்ஸ்ட்ரதரிலிருந்து ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை படகு போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும், இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் சுற்றலாம். இரண்டு கிலோமீட்டர்கூட நீளமில்லாத தீவு அது. கோடையில் பல்லாயிரக்கணக்கான பஃபின்கள் அங்கே மண்ணில் வளைதோண்டி முட்டையிடுகின்றன. ஆரஞ்சு நிற அலகில் வரிசையாகச் சிறு மீன்களைக் கவ்விக்கொண்டு வந்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, சட்டென்று வளைக்குள் மறையும். அந்த ஒரு நொடிக்காகப் பாதையோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கத் தோன்றும்.

பாதையைவிட்டு இறங்கக் கூடாது. காலடியில் வளை இடிந்தால் உள்ளே குஞ்சு புதைந்துவிடும். இறங்குதுறை அருகே ஆலா என்ற கடற்பறவைகள் கூடுகட்டியிருக்கும், அவை நேராகத் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து கொத்தும். தொப்பி அவசியம். ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் 1636-இல் இங்கேதான் அமைந்தது, உச்சியில் நிலக்கரி எரித்தார்கள். அதன் அடிப்பகுதி இன்றும் நிற்கிறது. அக்டோபரில் தீவை மூடிவிடுவார்கள். அப்புறம் அது குட்டிபோடும் சாம்பல்நிறக் கடல்நாய்களின் இடம்.

படகு முன்பதிவு முன்கூட்டியே தீர்ந்துவிடும். காற்று பலமாக இருந்தால் ரத்தும் ஆகும். ஆகவே தீவுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாளிலேயே வைத்தால் மாற்று நாள் கைவசம் இருக்கும்.

ஈலியில் சங்கிலி பிடித்து நடக்கும் பாதை ஆபத்தானதா?

நேரம் தவறினால் ஆபத்து. கின்கிரெய்க் முனையின் பாறைச் சரிவில் எட்டு இடங்களில் இரும்புச் சங்கிலி பொருத்தியிருக்கிறார்கள். பாறையில் வெட்டிய பள்ளங்களில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏறி இறங்கிக் கடக்கவேண்டும். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது தொடங்கவேண்டும், ஏறும்போது அல்ல. நடுவில் மாட்டிக்கொண்டால் மேலே ஏறிவர வழி கிடைப்பது கடினம். கடலோரக் காவல்படை ஆட்களை மீட்டிருக்கிறது. நல்ல பிடிமானமுள்ள காலணி வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும். சிறு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ளவர்கள், மழையில் நனைந்த பாறை என்றால் வேண்டவே வேண்டாம். அதே முனையின் மேலே நல்ல நடைபாதை உண்டு, அங்கிருந்து தெரியும் காட்சி இன்னும் விரிவு. எங்கேயாவது சிக்கல் என்றால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படை வேண்டும் என்று சொல்லுங்கள்.

நடப்பதற்குப் பாதை எப்படி? வயல் வழியாகப் போனால் திட்டமாட்டார்களா?

ஃபைஃப் கடற்கரைப் பாதை மொத்தம் 117 மைல். முழுவதும் நடக்கவேண்டியதில்லை. ஈலியில் தொடங்கி கிரெய்ல் வரை சுமார் 16 கிலோமீட்டர், ஒரு முழு நாளுக்குச் சரியாக இருக்கும். அவ்வளவு முடியாது என்றால் செயின்ட் மோனன்ஸிலிருந்து ஆன்ஸ்ட்ரதர் வரை போதும், களைத்தால் எந்த ஊரிலும் 95-இல் ஏறிவிடலாம்.

வயலைப் பொறுத்தவரை, ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடக்கும் எவருக்கும் தனியார் நிலத்திலும் செல்லும் உரிமை தந்திருக்கிறது. வீடும் அதன் தோட்டமும், முளைத்து நிற்கும் பயிரும் அதில் சேராது. வயல் ஓரமாக நடங்கள், வாயிற்கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். வசந்த காலத்தில் ஆடுகள் குட்டியோடு இருக்கும், பக்கத்தில் போகாதீர்கள். புல்வெளியில் நடந்து திரும்பியதும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹைலண்ட்ஸில் பிடுங்கியெடுக்கும் மிட்ஜ் கொசுத் தொல்லை இந்தக் காற்றோட்டமான கரையில் மிகக் குறைவு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்கமுடியுமா?

முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிடவேண்டும். மீனும் சிப்ஸும் விற்கும் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அதே கொழுப்பில்தான் உருளைக்கிழங்கும். சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்காமல் வாங்காதீர்கள். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். பருப்பு சூப் என்று எழுதியிருப்பதும் பன்றி எலும்புச் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். ஹேகிஸ் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ் சேர்ந்தது. பருப்பும் பீன்ஸும் போட்ட சைவ ஹேகிஸ் பரவலாகக் கிடைக்கிறது, மிளகுக் காரத்தோடு நன்றாகவே இருக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். இங்கே பொரிப்பது பெரும்பாலும் ஹேடக் மீன். புகையூட்டிய ஹேடக்கும் பாலும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கல்லன் ஸ்கிங்க் சூப்பைக் குளிர்காற்றில் நடந்துவந்து குடித்துப் பாருங்கள். சிறிய ஊர்களில் சமையலறை இரவு எட்டரைக்கெல்லாம் மூடிவிடும். சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்து ஒரு வேளையாவது நீங்களே சமைப்பது பணத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால்பொருட்களும் கொண்டுவர அனுமதி இல்லை, ஆகவே பால்கோவாவும் நெய்யும் பெட்டியில் வேண்டாம்.

கோல்ஃப் ஆடத் தெரியாதவர்களுக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸில் என்ன இருக்கிறது?

நிறைய. ஓல்ட் கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தையே ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். அன்று ஆட்டம் கிடையாது, ஊர்ப் பூங்காவாகத் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பக்கத்தில் ஹிமாலயாஸ் என்று மேடு பள்ளமான ஒரு புல்தரை உண்டு. சில பவுண்டு கொடுத்தால் குழந்தைகள்கூடப் பந்தைத் தட்டி ஆடலாம். 2027 ஜூலையில் ஓப்பன் கோல்ஃப் போட்டி இங்கே நடக்கவிருக்கிறது, அந்த மாதம் அறை தேடாதீர்கள்.

1318-இல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் திருநிலைப்படுத்தப்பட்ட பேராலயத்தில் இன்று நிற்பவை சில சுவர்களும் முகப்புகளும் மட்டுமே. 1559-இல் மதச் சீர்திருத்தக் கிளர்ச்சியில் சூறையாடப்பட்டது. பிறகு அதன் கற்களைப் பெயர்த்து ஊரார் வீடு கட்டிக்கொண்டார்கள்.

தமிழர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியது சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளியின் பழைய கட்டடம். இதே ஊரில் 1753-இல் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு 1789-இல் பொறுப்பேற்றார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த மாணவர்களே இளையவர்களுக்குச் சொல்லித்தரும் முறையையும் வகுத்து, "மெட்ராஸ் முறை" என்று அதை பிரிட்டன் முழுக்கப் பரப்பினார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. பெயர் தெரியாத நம் வாத்தியார்களுக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பெல் விட்டுச்சென்ற பணத்தில் 1833-இல் இந்தப் பள்ளி உருவானது. 2021-இல் ஊரின் மேற்குப் புறத்தில் புதிய வளாகத்துக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே மெட்ராஸ்.

மழை கொட்டினால் எங்கே போவது?

ஆன்ஸ்ட்ரதரில் ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம். வெளியே சாதாரண வீடு போலத் தெரியும், உள்ளே போகப் போக முழுப் படகுகள் நிற்கும் கூடங்கள் விரியும். ஹெர்ரிங் மீன் சுத்தம் செய்த பெண்களைப் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். இருவர் குடல் எடுக்க, ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்க, மூவர் ஒரு குழு. மீன் கூட்டத்தைத் தொடர்ந்து இங்கிலாந்தின் யார்மத் வரை போனார்கள். கத்தியும் உப்பும் விரலை அரிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக்கிழிசல் சுற்றிக்கொண்டார்கள்.

உள்நாட்டுப் பக்கம் ஃபாக்லண்ட் அரண்மனை இருக்கிறது. 1539-இல் கட்டிய டென்னிஸ் கூடம் அங்கே இன்னும் இருக்கிறது. பிட்டன்வீம் அருகே கெல்லி கோட்டையும் அதன் பழைய சுவர்த் தோட்டமும் உண்டு. பனிப்போர்க் காலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு அடியில் சுமார் 100 அடி ஆழத்தில் கட்டிய ரகசியப் பதுங்கு அறை ஆன்ஸ்ட்ரதரிலிருந்து பக்கம்தான், பெரிய பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

என்ன உடை எடுத்துப்போவது?

ஜூலையிலும் பகல் வெப்பம் 19 டிகிரி போலத்தான், காற்றடித்தால் அதுவும் குறைவாகத் தோன்றும். ஒரே கனமான கோட்டைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அடுக்கும் காற்றும் மழையும் புகாத மேலங்கியும் நல்லது. குடை உதவாது, முதல் காற்றிலேயே மடங்கிவிடும்.

பணம் எப்படி?

சிறு கடைகளில்கூட அட்டையைக் காட்டினால் போதும். பண்ணை வாசலில் பெட்டியில் காசு போட்டு முட்டையோ உருளைக்கிழங்கோ எடுத்துக்கொள்ளும் இடங்களுக்காகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து வங்கிகள் தங்கள் பெயரில் பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. மதிப்பு அதேதான், ஆனால் லண்டன் கடைகளில் சிலர் வாங்கத் தயங்குவார்கள், நாணயமாற்றுக் கடைகளிலும் சங்கடம் வரும். அந்த நோட்டுகளை ஸ்காட்லாந்தை விட்டுக் கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள்.